வெள்ளைப் பிடி

வேட்டி கட்டுகிறவனுக்கு ரிவால்வர் வைத்துக்கொள்வது பெரிய தொல்லை, சார். பேண்ட் போடுகிற உங்களுக்கு அது தெரிய நியாயமில்லை. உங்கள் இடுப்பில் தோல் உறை இருக்கிறது, அதற்கென்று ஒரு பொத்தானும் இருக்கிறது. எங்களுக்கு அந்த அகலப் பச்சை பெல்ட்தான் கதி. அதன் பையில் வெற்றிலைப் பொட்டலம் வைக்கலாம், ஆதார் கார்டு வைக்கலாம். கனமாக எதையாவது வைத்தால் பெல்ட் ஒரு பக்கம் சரியும், கூடவே வேட்டியும் சரியும். நாலு பேர் நிற்கிற கடைத்தெருவில் வேட்டி அவிழ்ந்துவிட்டால், இடுப்பில் துப்பாக்கி இருந்து என்ன பிரயோஜனம்? நல்ல வேளை, என்னிடம் இருந்தவை சின்னவை.

ஒரு ஆளுக்கு எதற்கு இரண்டு என்று கேட்டீர்கள். வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். குறுக்கே கேட்காமல் இருந்தால் சீக்கிரம் முடியும்.

என் பெயர் இளையபெருமாள். திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே, காவிரியை ஒட்டி எங்கள் ஊர். நெல், உளுந்து, கொஞ்சம் வாழை. ஊரில் விசாரித்துப் பாருங்கள், நான் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வேலையாளைக்கூட வாப்பா போப்பா என்றுதான் சொல்வேன்.

இரண்டும் அப்பாவுடையவை. சுதந்திரத்துக்கு முந்திய காலத்துச் சாமான்கள், சீமையில் செய்தவை. உள்ளங்கையில் அடங்கும். நடுவில் மடக்கித் திறந்து தோட்டா போட வேண்டும். ஒன்றுக்கு நிக்கல் முலாம், பிடியில் முத்துச்சிப்பி பதித்திருக்கும். வெயிலில் காட்டினால் பிடி லேசாக நிறம் மாறும், பார்க்க அவ்வளவு அழகு. எங்கள் வீட்டில் அதற்கு வெள்ளைப் பிடி என்றே பெயர். இன்னொன்று கறுப்பு. முலாமெல்லாம் தேய்ந்து, பார்த்தால் பழைய பம்புசெட் உதிரி என்றுதான் நினைப்பீர்கள். ஆனால் புத்தியோடு செய்தது. தோட்டாவைத் தட்டுகிற அதன் சுத்தியல் உள்ளுக்குள் மறைந்திருக்கும், துணியில் மாட்டாது. வெள்ளைப் பிடிக்குச் சுத்தியல் வெளியே கொக்கி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். பையிலிருந்து எடுக்கும்போது நூலை இழுத்துவிடும். எத்தனை பெல்ட் அதனால் கிழிந்திருக்கிறது தெரியுமா?

வெள்ளைப் பிடிக்கு லைசென்ஸ் உண்டு. அப்பா காலமான பிறகு முறையாக என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். கறுப்புக்குப் பட்டா கிடையாது. அப்பாவும் அதைக் காட்டவில்லை, நானும் காட்டவில்லை. புறம்போக்கில் வைத்த தென்னை மாதிரி, விதைநெல் அறையில் ஒரு தகர டப்பாவுக்குள் அது பாட்டுக்குக் கிடந்தது. அமிர்தத்துக்குக்கூட அப்படி ஒன்று இருப்பது தெரியாது. அமிர்தம் என் மனைவி.

தஞ்சாவூரில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் புகழேந்தியிடம் வெள்ளைப் பிடியைக் கொண்டுபோவேன், துடைத்து எண்ணெய் போட. அவர் ஒருமுறை சொன்னார்: "ஐயா, இந்த மாதிரி பழசு கெடச்சா ஒண்ணு அலமாரில வெச்சு அழகு பாக்கணும், இல்லாட்டி இடுப்புல வெச்சுக்கணும். ரெண்டும் ஒரே சாமான்ல நடக்காதுங்க. இடுப்புல வெச்சா முலாம் போயிரும், அலமாரில வெச்சா ஸ்பிரிங் செத்துரும்." நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அப்போதெல்லாம் அது அலமாரியில்தான் இருந்தது. பொங்கலுக்கு ஒருமுறை எடுத்துத் துடைப்பேன், உறவுக்காரர்கள் வந்தால் காட்டுவேன். அது இருப்பதே பல நாள் எனக்கு ஞாபகம் இருக்காது.

அது அலமாரியை விட்டு இறங்கியது எப்படி என்பதைச் சொல்கிறேன். என் ஒரே பெண் வானதிக்குத் திருவாரூரில் பேங்க் வேலை. அவள் அங்கே வீடு பார்த்துக் குடிபோன சமயம். மத்தியானம். கூடத்தில் செய்தித்தாளை விரித்து வெள்ளைப் பிடிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். அமிர்தம் சமையற்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"வானதி தனியா இருக்கா. நான் கொஞ்ச நாள் அங்க போயி இருந்துட்டு வரட்டுங்களா?" என்றாள்.

நான் யோசித்துக்கொண்டே திறந்திருந்த துப்பாக்கியை மூடினேன். அது மூடும்போது ஒரு சத்தம் வரும், தாழ்ப்பாள் விழுகிற மாதிரி. நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல, பரவால்லங்க. அப்பறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நீங்களே சொல்லுங்கள், நான் ஏதாவது சொன்னேனா? வேண்டாம் என்றேனா? அதற்கு முன்னால் இந்த மாதிரிப் பேச்சு வந்தால் எங்கள் வீட்டில் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அவள் பிடித்த பிடியில் நிற்பாள், நான் கத்தாமல் இருக்க என்ன பாடு படுவேன் என்று எனக்குத்தான் தெரியும். அன்றைக்கு ஒரு வார்த்தையில் முடிந்தது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன், சந்தோஷமாகவும் இருந்தது. மறுநாள் அதை அலமாரியில் வைக்கவில்லை.

வயலுக்குப் போகும்போது பெல்ட்டில் வைத்துக்கொண்டேன். வாழைத்தாரில் கை வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், பன்றி வருகிறது, ஒரு பாதுகாப்புத்தானே. வீட்டுக்கு வந்த பிறகு கழற்றி வைக்கலாம் என்பீர்கள். எங்கே வைப்பது? சாப்பிடத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் அது வயிற்றை அழுத்தும். எடுத்து இலைக்குப் பக்கத்தில், தண்ணீர்ச் சொம்புக்கு இந்தப் பக்கம் வைப்பேன். குழாய் எப்போதும் சுவரைப் பார்த்துத்தான் இருக்கும். அதில் நான் கண்டிப்பு. ஒரு நாளும் அவளை நோக்கித் திருப்பியதில்லை. அவளை ஒரு அடி அடித்ததில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஒருமுறை அவள் பரிமாறிக்கொண்டே ஒரு துண்டை எடுத்து அதன் மேல் போட்டாள். நான் துண்டை எடுத்து மடித்து அவள் கையிலேயே கொடுத்தேன். "ரசம் ஊத்து" என்றேன். ஊற்றினாள். அதற்குப் பிறகு அவள் துண்டு போடவில்லை.

பிறகு வீடு நன்றாக நடந்தது. கோயிலுக்குப் போவதானால் கேட்டுவிட்டுப் போவாள். பிறகு கேட்பதும் நின்றுவிட்டது, போவதும் நின்றுவிட்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து உட்கார்ந்து வம்பளப்பது நின்றது. போன் வந்தால் எனக்குக் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். நான் போடச் சொன்னதில்லை. என் வீட்டு வாசற்கதவுக்கு நான் ஒரு பூட்டும் போட்டதில்லை சார். பகலெல்லாம் கதவு திறந்தே கிடக்கும். எதிரே பஸ் ஸ்டாப்பு, கும்பகோணம் போகிற டவுன் பஸ் அங்கேதான் நின்று போகும். போக வேண்டும் என்று நினைக்கிறவளுக்கு எத்தனையோ பஸ் இருந்தது.

வானதிதான் வம்பு. நான் பெற்ற பெண், நாக்கு என் அம்மாவுடையது. ஒரு தீபாவளிக்கு வந்தவள் இலையில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

"அப்பா, அத எதுக்கு வீட்டுக்குள்ள வெச்சுக்கிட்டுச் சுத்துறீங்க?"

"வேற எங்க வெக்கிறது?"

"அலமாரில வைங்க. முன்னாடி அங்கதான இருந்துச்சு?"

"அலமாரில வெச்சா அது காட்சிப் பொருள்மா. இடுப்புல வெச்சாத்தான் பாதுகாப்பு."

"யாருகிட்டேருந்து?" என்றாள்.

பெற்ற தகப்பனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? நான் வெள்ளைப் பிடிக்குப் பக்கத்திலிருந்த சொம்பைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். அமிர்தம் பதறிப்போய், "சும்மா இருடி, சாப்பிடு" என்றாள். வானதி பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாள். பண்டிகை நாளும் அதுவுமாக இலையில் சோற்றை வைத்துவிட்டுப் போனால் எனக்கு மனசு வலிக்காதா? வலித்தது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

இனி தேர்தல் விஷயம். உங்களுக்குத் தெரிந்ததுதான். தேதி அறிவித்தால் லைசென்ஸ் வைத்திருக்கிறவர்கள் எல்லாம் துப்பாக்கியைக் கொண்டுவந்து உங்கள் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ரசீது கொடுப்பீர்கள். முடிவெல்லாம் வந்த பிறகு திரும்பத் தருவீர்கள். நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஆள், முதல் ஆளாக வந்து ஒப்படைப்பேன். உங்களுக்கு முன்னால் இருந்த இன்ஸ்பெக்டர் எனக்கு டீ வாங்கிக் கொடுப்பார்.

அமிர்தத்துக்கு அரசியல் என்றால் வேப்பங்காய். எந்தக் கட்சிக்கு என்ன சின்னம் என்று கேட்டால் முழிப்பாள். ஆனால் இரண்டொரு தேர்தல் போன பிறகு ஒன்று கவனித்தேன். டிவியில் தேர்தல் கமிஷன் என்ற வார்த்தை வந்தால் கரண்டியோடு கூடத்துக்கு வந்து நிற்பாள். பக்கத்து மாநிலத்துத் தேர்தலாக இருந்தால் திரும்பிப் போய்விடுவாள். பஞ்சாயத்துத் தேர்தல் தள்ளிப்போகிறது என்று செய்தி வந்த அன்றைக்கு அவள் சாப்பிடவே இல்லை. தலைவலி என்றாள்.

துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போன மறுநாள் வானதி வந்து இறங்குவாள். அம்மாவும் பெண்ணும் கொல்லையில் உட்கார்ந்து சிரிக்கிற சத்தம் வாசல் வரைக்கும் வரும். மெதுவடை, பால் பாயசம், எல்லாம் அப்போதுதான். அமிர்தம் பூ வாங்கி வைத்துக்கொள்வாள். என் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிடுவாள். "இந்தத் தடவ உளுந்து சரியா காய்க்கலையாமே, நீங்கதான் லேட்டா தெளிச்சீங்க" என்று என்னைக் குறைகூடச் சொல்லியிருக்கிறாள். அது வேறு ஒரு பொம்பளை சார். அவளை எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். கல்யாணமான புதிதில் அப்படித்தான் இருந்தாள். ஆனால் என் பெல்ட்டைப் பார்த்துத்தான் ஒருத்தி சிரிப்பதா, சிரிக்காமல் இருப்பதா என்று முடிவு செய்வாள் என்றால், நான் அங்கே எதற்கு? இந்தக் கேள்வி என்னை அரித்தது. இடுப்பில் இருந்தால் அவள் என்னைப் பார்ப்பதில்லை, அதைப் பார்க்கிறாள். இடுப்பில் இல்லை என்றால் அவள் என்னைச் சட்டை செய்வதில்லை. நான் எப்படித்தான் இருக்க வேண்டும்? என் வீட்டுக்குள்ளேயே நான் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. கஷ்டப்பட்டது நான்தான். இதை யாரும் கேட்கவில்லை.

இந்தத் தேர்தலுக்கு வருகிறேன். அறிவிப்பு வந்து மூன்று நான்கு நாள் இருக்கும். எங்கள் வீட்டில் டிராக்டர் ஓட்டுகிற வீரையன் என்னிடம் வந்து வெகுளியாகக் கேட்டான்.

"ஊருக்கெங்கயும் போறீங்களா ஐயா?"

"இல்லையே. ஏன்?"

"அம்மா பரண்லேருந்து அந்தப் பெரிய பெட்டிய எடுத்துக் குடுக்கச் சொன்னாங்க. தொடச்சு வெச்சேங்க."

வீரையனுக்கு எதுவும் தெரியாது, அவனை இதில் இழுக்காதீர்கள். நான் உள்ளே போய்ப் பார்த்தேன். கட்டிலுக்குப் பின்னால் பெட்டி இருந்தது. அவளுடைய புடவைகள், மாத்திரை, வானதியின் சின்ன வயசுப் போட்டோ. மூடியை மூடி வைத்துவிட்டு வந்துவிட்டேன். கொஞ்ச நாளைக்குப் போய்வருகிறவள் போட்டோவை எடுத்துப் போகமாட்டாள். அது எனக்குத் தெரியாதா?

ஆக, அம்மாவும் பெண்ணும் ஸ்டேஷன் ரசீதுக்காகக் காத்திருந்தார்கள். தடுத்திருக்கலாம், பெட்டியை எடுத்துத் திரும்பப் பரணில் போட்டிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அது பிடிக்கவில்லை. பயந்துகொண்டு தங்குகிறவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவளாகவே, மனசு விட்டு, என் முகத்தைப் பார்த்து என்ன சொல்கிறாள் என்று ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்று ஆசை. அதற்கு அவள் என்னைப் பார்த்துப் பயப்படாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் புகழேந்தி சொன்னது எனக்கு விளங்கியது. அலமாரிக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று. இத்தனை வருஷம் நான் அலமாரிச் சாமானைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

விதைநெல் அறையிலிருந்து கறுப்பை எடுத்தேன். தோட்டாவும் அப்பா காலத்தது, வெடிக்குமோ வெடிக்காதோ. வாழைக் கொல்லைக்கு அப்பால், ஆற்று மணலில் நின்று ஒன்று சுட்டுப் பார்த்தேன். கோடையில் ஆற்றில் தண்ணீர் ஏது, வெறும் மணல்தான். வெடித்தது. வீரையன் ஓடிவந்தான். மயில் விரட்ட வெடி போட்டேன் என்றேன். இந்த இடத்தில் நீங்கள் திட்டம் போட்டுச் செய்தான் என்று எழுதுவீர்கள். எழுதுங்கள். பழைய சாமான் வைத்திருக்கிறவன் அது வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்வது ஒரு பொறுப்பு, அவ்வளவுதான்.

வெள்ளைப் பிடியை எடுத்துக்கொண்டு இங்கே வந்தேன். நீங்கள்தான் வாங்கி வைத்தீர்கள், ஞாபகம் இருக்கும். ரசீதை டிவிக்கு மேலே, அமிர்தத்தின் கண்ணில் படும்படி வைத்தேன். அன்றைக்குச் சாயங்காலம் அவள் அதை எடுத்துப் பார்ப்பதை வாசலிலிருந்து பார்த்தேன். எழுத்துக்கூட்டிப் படித்தாள். திரும்ப வைக்கும்போது இரண்டு கையாலும் வைத்தாள், கோயில் பிரசாதம் மாதிரி.

மறுநாள் காலை. நான் காபி குடித்துவிட்டு ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தேன். பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் என் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. தலைக்குக் குளித்திருந்தாள்.

"வானதி கார் எடுத்துக்கிட்டு வந்துக்கிட்டிருக்கா. நான் அவகூடப் போறேங்க. திரும்பி வரமாட்டேன்" என்றாள்.

"சரி, ஏன்னு சொல்லு" என்றேன்.

சொன்னாள். நிறையச் சொன்னாள். ராத்திரியில் நான் புரண்டு படுத்தால்கூட அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பாளாம். குழம்பில் உப்புக் கூடிப்போனால் கீழே கொட்டிவிட்டு, நான் வருவதற்குள் வேறு வைப்பாளாம். ஒருநாள் வாசலைத் தாண்டிப் போய்ப் பஸ்ஸில் காலை வைக்கப் போய்விட்டு, நான் வயலிலிருந்து வருவது தெரிந்து திரும்பிவிட்டாளாம். நான் அந்த நாளை யோசித்துப் பார்த்தேன், எனக்கு ஞாபகமே வரவில்லை.

"என்னைக்காவது உன்ன ஒரு அடி அடிச்சிருக்கேனா?" என்று மட்டும் கேட்டேன்.

"அடிச்சிருந்தா எப்பவோ போயிருப்பேன்" என்றாள்.

அப்புறம் அவள் என்னை நன்றாகப் பார்த்தாள். தலையிலிருந்து கால்வரைக்கும். லேசாகச் சிரித்தாள், அதில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அது இல்லாம பாத்தா நீங்க எவ்வளவு சாதாரண ஆளு. இவருக்கா இத்தன வருஷம் பயந்தோம்னு இருக்கு" என்றாள்.

நான் கேட்க நினைத்தது அவள் மனசில் இருந்ததைத்தான். கேட்டுவிட்டேன். பச்சை பெல்ட்டின் பையைத் திறந்து கறுப்பை எடுத்தேன். நூலில் மாட்டவில்லை, சுலபமாக வந்தது. வெள்ளையாக எதுவும் தெரியாததால் அது என்னவென்று அவளுக்கு உடனே விளங்கவில்லை. வெற்றிலைப் பொட்டலம் எடுக்கிறேன் என்று நினைத்திருப்பாள் போல. அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. அதனால் அவள் பயப்படவில்லை. அந்தக் கடைசி நேரத்தில் அவள் என்னைப் பார்த்துப் பயப்படவே இல்லை. அதை நினைத்து நான் ஆறுதல்பட்டுக்கொள்கிறேன்.

இரண்டு தடவை சுட்டேன். இரண்டும் வெடித்தன.

அப்புறம் கறுப்பைத் தரையில் இருந்த தண்ணீர்ச் சொம்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, குழாயைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன். ஊஞ்சலிலேயே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது. வானதி செருப்பைக்கூடக் கழற்றாமல், "அம்மா, ரெடியா? கெளம்பலாமா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். அதன் பிறகு நடந்ததை அவளே உங்களிடம் சொல்லியிருப்பாள். அவள் சொன்னது எதையும் நான் மறுக்கவில்லை. நான்தான் செய்தேன்.

கறுப்பை நீங்கள் எடுத்துக்கொண்டுவிட்டீர்கள், அது திரும்பி வராது என்று தெரியும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வெள்ளைப் பிடி உங்கள் ஸ்டேஷன் பீரோவில்தான் இருக்கிறது. அது பரம்பரைச் சாமான். தேர்தல் முடிவு வந்த பிறகு முறைப்படி எழுதி வாங்கிக்கொண்டு வானதியிடம் கொடுத்துவிடுங்கள். வேண்டாம் என்பாள், எடுத்துச் சொல்லுங்கள். பயப்படாமல் வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ளட்டும். இத்தனை வருஷம் என் இடுப்பில் இருந்தது, சார். அதனால் என் வீட்டில் யாருக்கும் ஒரு கெடுதலும் நடந்ததில்லை.